மெய்மமா, முரண்பாடா, நிச்சயமின்மையா? மெய் அட்டவணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கீழ்க்கண்ட கூற்றை வகைப்படுத்துக" என்றால் உண்மையில் என்ன கேட்கிறார்கள்?

கூட்டுக் கூற்று ஒன்றைக் கொடுத்து, அது மூன்று பெட்டிகளில் எதில் விழும் என்று கேட்கிறார்கள். அதன் உட்கூற்றுகள் மெய்யானாலும் பொய்யானாலும் முழுக்கூற்று எப்போதும் மெய்யாகவே வந்தால் அது மெய்மம். எப்போதும் பொய்யாகவே வந்தால் முரண்பாடு. சில சமயம் மெய், சில சமயம் பொய் என்றால் நிச்சயமின்மை.

இதைக் கண்டுபிடிக்க, உட்கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ அமையக்கூடிய எல்லா வகைகளையும் வரிசையாக எழுதிப் பார்க்கும் மெய் அட்டவணை போடுகிறோம். சில நூல்கள் அதையே உண்மை அட்டவணை என்கின்றன. அட்டவணையின் கடைசி நிரலை, அதாவது மேலிருந்து கீழாக ஓடும் கடைசிப் பத்தியைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். முழுக்க "மெ" (மெய்), முழுக்க "பொ" (பொய்), அல்லது கலப்பு, இவ்வளவுதான். ஆனால் கடைசி நிரலுக்குத் தவறில்லாமல் போய்ச் சேர்வதிலும், அது எதைப் பற்றிப் பேசுகிறது என்று புரிந்துகொள்வதிலும்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு இடங்களிலிருந்து வருபவை.

எதையெல்லாம் கூற்று என்று சொல்லலாம்?

மெய் அல்லது பொய், இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடிய வாக்கியம் கூற்று. "9 ஒரு பகா எண்" என்பது பொய்தான், ஆனாலும் கூற்று. "கதவைச் சாத்து", "மணி என்ன?" ஆகியவை கூற்றுகள் அல்ல. "அந்த எண் 3ஐ விடப் பெரியது" என்பதும், எந்த எண் என்று தெரியாதவரை கூற்று ஆகாது. "இந்த வாக்கியம் பொய்" என்பதை மெய் என்றால் பொய்யாகிறது, பொய் என்றால் மெய்யாகிறது. அதை அட்டவணைக்குள் கொண்டுவரவே முடியாது.

இணைப்புகளுக்கான அடிப்படை அட்டவணையை ஒருமுறை தர முடியுமா?

க, ச என்ற இரண்டு கூற்றுகளை எடுத்துக்கொள்வோம். ¬ என்பது "அல்ல", ∧ என்பது "மற்றும்", ∨ என்பது "அல்லது", → என்பது "எனில்", ↔ என்பது "இருந்தால், இருந்தால் மட்டுமே". மெய்க்கு "மெ", பொய்க்கு "பொ".

| க | ச | ¬க | க ∧ ச | க ∨ ச | க → ச | க ↔ ச |
|---|---|---|---|---|---|---|
| மெ | மெ | பொ | மெ | மெ | மெ | மெ |
| மெ | பொ | பொ | பொ | மெ | பொ | பொ |
| பொ | மெ | மெ | பொ | மெ | மெ | பொ |
| பொ | பொ | மெ | பொ | பொ | மெ | மெ |

இங்கே "அல்லது" என்பதில் இரண்டும் மெய்யாக இருப்பதும் அடங்கும். இந்த அட்டவணையை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. குறைந்தபட்சம் ஒன்றை நினைவில் வையுங்கள்: "எனில்" பொய்யாவது ஒரே ஒரு நிரையில்தான் (நிரை என்பது இடமிருந்து வலமாக ஓடும் வரி), முன்பகுதி மெய்யாகவும் பின்பகுதி பொய்யாகவும் இருக்கும்போது.

முன்பகுதியே பொய் என்றால் "எனில்" கூற்று எப்படி மெய்யாகும்? இது ஏமாற்று வேலை போலத் தோன்றுகிறதே?

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. "அப்படி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்" என்று சொல்லித் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காது. காரணம் இருக்கிறது.

"ஓர் எண் 4ஆல் வகுபடும் எனில், அது 2ஆல் வகுபடும்." இது எல்லா முழு எண்களுக்கும் மெய் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லா எண்களுக்கும் மெய் என்றால் 8க்கும் மெய், 6க்கும் மெய், 7க்கும் மெய். இப்போது ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 8 நான்காலும் வகுபடும், இரண்டாலும் வகுபடும், அதனால் அது முதல் நிரை. 6 நான்கால் வகுபடாது, ஆனால் இரண்டால் வகுபடும், அதனால் மூன்றாம் நிரை. 7 இந்த இரண்டில் எதனாலும் வகுபடாது, அதனால் நான்காம் நிரை. இந்த மூன்று நிரைகளிலும் "மெ" போடாவிட்டால், நாம் மெய் என்று ஒப்புக்கொண்ட வாக்கியமே 6லோ 7லோ உடைந்துவிடும். இரண்டாம் நிரைக்கு, அதாவது நான்கால் வகுபட்டும் இரண்டால் வகுபடாத எண்ணுக்கு, எடுத்துக்காட்டே கிடைக்காது. கிடைத்திருந்தால் வாக்கியம் பொய்யாகியிருக்கும். அட்டவணை சொல்வது இதைத்தான்.

இந்த வரையறை புதிதும் அல்ல. கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த, மெகாராவைச் சேர்ந்த ஃபிலோ என்ற கிரேக்கர் "எனில்" கூற்றை இதே மாதிரி வரையறுத்தார். அவருடைய ஆசிரியர் டியோடோரஸ் குரோனஸ் அதை ஏற்கவில்லை. எந்த "எனில்" கூற்று மெய் என்று கூரை மேல் உட்கார்ந்த காக்கைகள்கூடக் கரைகின்றன என்று கவிஞர் கல்லிமாக்கஸ் கேலி செய்யும் அளவுக்கு அந்த வாதம் முற்றியிருந்தது.

அட்டவணையை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எத்தனை தனிக்கூற்றுகள் (க, ச போன்றவை) என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் 2 நிரை, இரண்டு என்றால் 4, மூன்று என்றால் 8, நான்கு என்றால் 16. ஒவ்வொரு புதிய கூற்றுக்கும் நிரைகள் இரட்டிக்கும். முதல் நிரலில் பாதி மெ, பாதி பொ. அடுத்த நிரலில் அதில் பாதிப் பாதியாக மாற்றுங்கள். கடைசி நிரலில் மெ, பொ, மெ, பொ என்று ஒன்றுவிட்டு ஒன்று. இப்படி எழுதினால் எந்த நிரையும் விட்டுப்போகாது.

பிறகு உள் அடைப்பிலிருந்து வெளியே வாருங்கள். ((க → ச) ∧ ¬ச) → ¬க என்பதைப் போட்டுப் பார்ப்போம்.

| க | ச | க → ச | ¬ச | (க → ச) ∧ ¬ச | ¬க | முழுக்கூற்று |
|---|---|---|---|---|---|---|
| மெ | மெ | மெ | பொ | பொ | பொ | மெ |
| மெ | பொ | பொ | மெ | பொ | பொ | மெ |
| பொ | மெ | மெ | பொ | பொ | மெ | மெ |
| பொ | பொ | மெ | மெ | மெ | மெ | மெ |

கடைசி நிரல் முழுக்க மெ. ஆகவே மெய்மம்.

இப்போது சின்ன மாற்றம்: ((க → ச) ∧ ¬க) → ¬ச. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் க பொய், ச மெய் என்ற மூன்றாம் நிரையில் இடப்பக்கம் மெய்யாகி, ¬ச பொய்யாகிவிடுகிறது. மற்ற மூன்று நிரைகளிலும் மெ. ஆகவே இது நிச்சயமின்மை. அந்த மூன்றாம் நிரை நாம் ஏற்கெனவே பார்த்த 6தான். "நான்கால் வகுபட்டால் இரண்டால் வகுபடும், 6 நான்கால் வகுபடாது, ஆகவே இரண்டால் வகுபடாது" என்று யாராவது வாதிட்டால் எப்படி இருக்கும்? அன்றாட விவாதங்களில் இந்தத் தவறான நகர்வு சர்வசாதாரணம்.

முரண்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: (க → ச) ∧ (க ∧ ¬ச). முதல் பாதி பொய்யாகும் ஒரே நிரையில்தான் இரண்டாம் பாதி மெய்யாகிறது. இரண்டும் ஒருபோதும் சேர்ந்து மெய்யாகாது.

தமிழ் வாக்கியத்தைக் குறியீடாக மாற்றும்போது குழம்புகிறது. ஏதாவது வழி?

அட்டவணையில் நேரும் தவறுகளைவிட இங்கே நேரும் தவறுகள் அதிகம் என்பது என் அனுபவம். சில உருபுகளைக் கவனித்தால் போதும்.

"-ஆல்" என்பது நேரான "எனில்". "கடவுச்சொல் சரியாக இருந்தால் பெட்டி திறக்கும்" என்பது சரி → திறக்கும். அதில் ஒரு "தான்" சேர்த்துப் பாருங்கள்: "கடவுச்சொல் சரியாக இருந்தால்தான் பெட்டி திறக்கும்." அம்பு திரும்பிவிட்டது. பெட்டி திறந்திருந்தால் கடவுச்சொல் சரியாக இருந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள், அதாவது திறக்கும் → சரி. கடவுச்சொல் சரியாக இருந்தும் பூட்டு துருப்பிடித்துத் திறக்காமல் போனால் இரண்டாவது வாக்கியம் பொய்யாகிவிடாது.

"ஆனால்" என்பதற்கும் "மற்றும்" என்பதற்கும் அட்டவணை ஒன்றே. "வந்தான், ஆனால் பேசவில்லை" என்பதில் உள்ள ஏமாற்றம் அட்டவணைக்குத் தெரியாது.

"-ஆலும்" ஒரு வேடிக்கை. "மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருவேன்" என்பதை (க → ச) ∧ (¬க → ச) என்று எழுதலாம். அட்டவணை போட்டால் அது ச என்பதோடு அப்படியே பொருந்தும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வருவேன் என்பது மட்டும்தான் செய்தி. ஆகவே அது நிச்சயமின்மை. ஆனால் "நடந்தால் நடக்கும், நடக்காவிட்டால் நடக்காது" என்று பெருமூச்சோடு சொல்கிறோமே, அது (க → க) ∧ (¬க → ¬க). சுத்தமான மெய்மம். அதனால்தான் யாராலும் மறுத்துப் பேச முடிவதில்லை!

"7 ஒரு பகா எண்" எப்போதும் மெய்தானே. அது மெய்மம்தானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

அட்டவணை வகைப்படுத்துவது கூற்றின் வடிவத்தை. "7 ஒரு பகா எண்" என்பதன் வடிவம் வெறும் "க". அதற்கு இரண்டு நிரை: ஒன்றில் மெ, ஒன்றில் பொ. ஆகவே கூற்றுகளையும் இணைப்புச் சொற்களையும் மட்டும் பார்க்கும் கூற்றுத் தர்க்கத்தின் கண்ணுக்கு அது நிச்சயமின்மை. 7 பகா எண் என்பதற்கான காரணம் எண்ணியலில் இருக்கிறது, இணைப்புச் சொற்களில் இல்லை. "7 பகா எண் அல்லது 7 பகா எண் அல்ல" என்பது மெய்மம். அதில் 7ஐ எடுத்துவிட்டு 9ஐ வைத்தாலும், எண்ணையே எடுத்துவிட்டு வேறு எதை வைத்தாலும் மெய்யாகவே இருக்கும்.

அதேபோல, "நிச்சயமின்மை" என்ற சொல்லும் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது. அங்கே யாருக்கும் எதுவும் நிச்சயமில்லாமல் இல்லை. கூற்றின் மெய்ப்பொய் வடிவத்தால் மட்டும் முடிவாகவில்லை, உலகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. பாடநூல்களில் பழகிவிட்ட சொல் என்பதால் இங்கேயும் அதையே வைத்திருக்கிறேன்.

மெய்மம் புதிதாக எதுவும் சொல்வதில்லை என்கிறார்களே. பிறகு அது எதற்கு?

சொல்வதில்லைதான். மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை என்று தெரிந்துகொண்டால் வானிலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1921இல் எடுத்துச் சொன்ன கருத்து. சில அளவையியல் (தர்க்க) நூல்கள் மெய்மத்தைக் "கூறியது கூறல்" என்றே அழைக்கின்றன. நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்களில் அதுவும் ஒன்று, முரண்பாட்டுக்கு நெருங்கிய "மாறுகொளக் கூறல்" இன்னொன்று. உரைநடையில் இரண்டும் குற்றம். தர்க்கத்தில் முதலாவது கருவியாகிவிடுகிறது.

எப்படி? ஒரு வாதத்தின் எடுகோள்களையெல்லாம் "மற்றும்" போட்டுச் சேர்த்து, அதிலிருந்து முடிவுக்கு ஓர் அம்பு போடுங்கள். கிடைக்கும் கூற்று மெய்மமாக இருந்தால் வாதம் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. மேலே போட்ட இரண்டு "அண்ணன் தம்பி" கூற்றுகளும் அப்படிப் பிறந்தவைதான். இரண்டு கூற்றுகள் சமானமா என்று பார்க்கவும் இதே வழி: நடுவில் ↔ போட்டு மெய்மமா என்று பாருங்கள். ¬(க ∧ ச) ↔ (¬க ∨ ¬ச) என்ற டி மார்கன் விதி அப்படிப்பட்டது. கணினி நிரல் எழுதும்போது சிக்கலான நிபந்தனையை எளிதாக்குகிறவர்கள் தினமும் பயன்படுத்துவது இதைத்தான்.

(க → ச) ∨ (ச → க) மெய்மம் என்று விடை வந்தது. எங்கோ தப்பு செய்துவிட்டேனா?

தப்பில்லை. அது மெய்மம்தான், நான்கு நிரைகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எதை வைத்தாலும் சரி: "நான் தூங்கினால் நிலவு உதிக்கும், அல்லது நிலவு உதித்தால் நான் தூங்குவேன்." கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, காரணம் நாம் அம்பில் காரணகாரியத்தைத் தேடுகிறோம். அட்டவணையின் அம்பில் அது இல்லை. இரண்டு மெய்ப்பொய் மதிப்புகளை வைத்து மூன்றாவதைத் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

"அப்படியென்றால் 2ஆல் வகுபடும் எண் 3ஆல் வகுபடும், அல்லது 3ஆல் வகுபடும் எண் 2ஆல் வகுபடும் என்று ஆகிவிடுமே" என்று ஒரு மாணவர் என்னிடம் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. 4ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் "3ஆல் வகுபட்டால் 2ஆல் வகுபடும்" என்ற பாதி மெய். 9ஐ மட்டும் எடுத்தால் மற்றப் பாதி மெய். ஒவ்வோர் எண்ணுக்கும் ஏதாவது ஒரு பாதி மெய்யாகிறது, எல்லா எண்களுக்கும் ஒரே பாதி மெய்யாவதில்லை. அவர் சொன்ன வாக்கியத்தில் "எல்லா எண்ணும்" என்பது ஒளிந்திருக்கிறது. அது கூற்றுத் தர்க்கத்தின் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

நான்கில் மூன்று மெ வந்தால் அது மெய்மத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று சொல்லலாமா?

கூடாது. ஒரு பொ வந்தாலே மெய்மம் போச்சு. நிச்சயமின்மை என்று நிறுவ ஒரு மெ நிரையும் ஒரு பொ நிரையும் காட்டினால் போதும், முழு அட்டவணைகூடத் தேவையில்லை.

உண்மையில் மெய்மங்கள் அரிய பொருள்கள். இரண்டு தனிக்கூற்றுகளை வைத்து வரக்கூடிய கடைசி நிரல்கள் மொத்தம் 16. அவற்றில் ஒன்றே ஒன்று மெய்மம், ஒன்று முரண்பாடு, மீதி 14ம் நிச்சயமின்மை. மூன்று தனிக்கூற்றுகள் என்றால் 256இல் 254. தேர்வுத் தாளில் மட்டும் மூன்றும் சமபங்காக வருவது கேள்வி போடுபவர்களின் கைங்கரியம்.

மெய்மத்தை மறுத்தால் முரண்பாடு. நிச்சயமின்மையை மறுத்தால்?

மறுபடி நிச்சயமின்மைதான். மெ எல்லாம் பொ ஆகும், பொ எல்லாம் மெ ஆகும், கலப்பு கலப்பாகவே இருக்கும். ஆனால் இரண்டு நிச்சயமின்மைகளைச் சேர்த்தால் எது வேண்டுமானாலும் பிறக்கலாம்: க, ¬க இரண்டும் நிச்சயமின்மைகள். நடுவில் ∨ போட்டால் மெய்மம், ∧ போட்டால் முரண்பாடு.

மதிப்பெண் எங்கே போகிறது?

பெரும்பாலும் அடைப்புக்குறியில். க → (ச → க) ஒரு மெய்மம். அடைப்பை நகர்த்தி (க → ச) → க என்று எழுதினால் அது வெறும் க-வுக்குச் சமானம், ஆகவே நிச்சயமின்மை. அதற்கு வெளியே இன்னொரு அம்பு போட்டு ((க → ச) → க) → க என்றால் மறுபடி மெய்மம்! அமெரிக்கத் தர்க்கவியலாளர் சார்லஸ் பெர்ஸின் பெயரால் இதற்குப் பெர்ஸ் விதி என்று பெயர். ¬ குறியும் இப்படித்தான்: ¬க ∨ க மெய்மம், ¬(க ∨ க) அப்படியல்ல.

அடுத்தது, நிரைகளை விட்டுவிடுவது. இரண்டும் மெய், இரண்டும் பொய் என்ற இரண்டு நிரைகளோடு நிறுத்திக்கொண்டால் க ↔ ச மெய்மம் போலத் தெரியும். பிறகு, தவறான நிரலைப் படிப்பது. கடைசியாகப் போட வேண்டிய இணைப்பு எது என்று முதலிலேயே அடிக்கோடிட்டுக்கொண்டால் இது நடக்காது.

முழு அட்டவணை போடாமல் மெய்மமா என்று பார்க்க முடியுமா?

முடியும். கூற்று பொய்யாகிறது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். ((க → ச) ∧ (ச → த)) → (க → த) என்பதற்கு முழு அட்டவணை 8 நிரை. அதற்குப் பதிலாக இதைப் பொய்யாக்கப் பார்ப்போம். வெளி அம்பு பொய்யாக வேண்டுமானால் இடப்பக்கம் மெய், க → த பொய். க → த பொய் என்றால் க மெய், த பொய். ச → த மெய்யாக இருக்க வேண்டும், த பொய், ஆகவே ச பொய். ஆனால் க → ச மெய்யாக இருக்க வேண்டும், க மெய், ஆகவே ச மெய். ச ஒரே நேரத்தில் மெய்யும் பொய்யுமாக இருக்க முடியாது. பொய்யாக்க வழியே இல்லை. மெய்மம்.

முட்டாமல் மதிப்புகள் கிடைத்துவிட்டால் மெய்மம் அல்ல என்று மட்டும்தான் தெரியும். முரண்பாடா நிச்சயமின்மையா என்று அறிய, மெய்யாக்க முடியுமா என்று இன்னொரு முறை முயல வேண்டும்.

கணினியிடம் கொடுத்தால் எவ்வளவு பெரிய கூற்றையும் வகைப்படுத்திவிடுமா?

கொள்கையளவில், ஆம். நடைமுறையில் இரட்டிப்பு கழுத்தை நெரிக்கும். 20 தனிக்கூற்றுகளுக்கு 10,48,576 நிரை, கணினிக்கு அது ஒன்றுமில்லை. 60 ஆனால், வினாடிக்கு 100 கோடி நிரை போட்டாலும் ஏறத்தாழ 36 ஆண்டுகள். 70 ஆனால் 37 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். குறுக்குவழிகளோடு இயங்கும் மென்பொருள்கள் பல பெரிய கூற்றுகளை வேகமாக முடித்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் எல்லாக் கூற்றுகளுக்கும் எப்போதும் வேகமாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டா என்பது இன்றும் தீராத கேள்வி. 1971இல் ஸ்டீபன் குக், கணினியியலின் கடினமான கணக்குகளில் ஒரு பெருங்கூட்டத்தையே இந்த ஒரு கணக்காக மாற்றிவிடலாம் என்று காட்டினார். அன்றிலிருந்து இது பள்ளிக்கூடக் கணக்கு மட்டுமல்ல.

இந்த அட்டவணையைக் கண்டுபிடித்தது யார்?

1921இல் விட்கென்ஸ்டைனும் தர்க்கவியலாளர் எமில் போஸ்ட்டும் தனித்தனியாக வெளியிட்டார்கள். பெர்ஸ் 1893இலேயே எழுதிவைத்த, அச்சேறாத தாள்களில் இதே அமைப்பு கிடைத்திருக்கிறது.

"எல்லா", "சில" வரும் கூற்றுகளுக்கும் அட்டவணை போடலாமா?

போடலாம், ஆனால் உதவாது. "எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர்" என்பது செல்லுபடியாகும் வாதம் என்று குழந்தைக்கும் தெரியும். கூற்றுத் தர்க்கத்தில் அது (க ∧ ச) → த என்று மட்டுமே ஆகும், க மெய், ச மெய், த பொய் என்ற நிரையில் பொய்யாகி, நிச்சயமின்மை என்று விடை வரும். "எல்லா" என்பதற்குள் இருக்கும் அமைப்பை அட்டவணையால் பார்க்க முடியவில்லை. அதற்கு, கூற்றுக்குள் இருக்கும் அமைப்பையும் பிரித்துப் பார்க்கும் பயனிலைத் தர்க்கம் வேண்டும். அங்கே நிரைகளை எண்ணி முடிக்கும் வசதி கிடையாது. எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் அது எப்போதும் மெய்யா இல்லையா என்று தவறாமல் சொல்லிவிடும் பொதுவான செய்முறை எதுவும் இருக்க முடியாது என்று அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் 1936இல் நிறுவிவிட்டார்கள்.